பழுது பார்க்கப் போனவர் உலகை மாற்றினார்: ஜேம்ஸ் வாட்டின் வரலாறு

ஸ்ரீபெரும்புதூர், ராமாநுஜர் அவதரித்த தலம். குளிர்காலம் வந்துவிட்டால் அங்குள்ள கோயிலில் அவருக்கு வெந்நீரால் திருமஞ்சனம் செய்வார்கள்; கம்பளியும் போர்த்துவார்கள். தங்கள் ஆசாரியரின் திருமேனி குளிரில் வாடக் கூடாதே என்பது பக்தர்களின் கவலை.

அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்று வேறு காரியங்களுக்கும் வெந்நீரும் நீராவியும் தேவைப்படுகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார்கள் தயாராகத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-ல் கார்த் தொழிற்சாலையும் டயர்த் தொழிற்சாலையும் இயங்கத் தொடங்கின. பெயின்ட் அடிக்கு முன் காரின் உடலை வெதுவெதுப்பான கரைசல்களில் கழுவ வேண்டும். டயரை அச்சில் வைத்து நீராவிச் சூட்டில் வேகவைக்க வேண்டும். ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சமைக்கும் பாத்திரங்களையும் கழுவ வேண்டும்.

இத்தனைக்கும் வேண்டிய வெப்பத்தைத் தருவது கொதிகலன். தொழிலாளர்கள் அதைப் பாய்லர் என்பார்கள். ஆனால் பாய்லரில் இருக்கும் தண்ணீரையே குழாயில் திறந்துவிடுவதில்லை. அதில் மருந்துகள் கலந்திருக்கும். மேலும் அதை வெளியே விட்டால், ஈடுசெய்யப் புதுத் தண்ணீரை ஓயாமல் ஊற்ற வேண்டும். புதுத் தண்ணீரோடு உப்பும் வந்து பாய்லருக்குள் படிந்துவிடும்.

ஆகவே ஓர் உபாயம் செய்கிறார்கள். தனியாக ஒரு பெரிய தொட்டி. அதற்குள் ஒரு சுருள் குழாய். பாய்லரிலிருந்து வரும் நீராவி சுருளுக்குள் ஓடும். குளிக்கவும் கழுவவும் வேண்டிய தண்ணீர் சுருளுக்கு வெளியே, தொட்டியில் நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. வெப்பம் மட்டும் குழாயின் சுவரைக் கடந்து வருகிறது.

இதை நம் ஊர் டீக்கடையிலேயே பார்க்கலாம். செம்பு பாய்லரின் அடியில் நெருப்பு, உள்ளே தண்ணீர், மேலே பால் பாத்திரம் இறங்கி உட்கார்ந்திருக்கும். நெருப்பு பாலைத் தொடுவதில்லை. கொதிநீரின் ஆவிதான் பாலைச் சூடாக்குகிறது. அதனால் பால் அடிபிடிப்பதும் இல்லை. தண்ணீரோடு கலப்பதும் இல்லை.

நீராவிக்குள் இவ்வளவு வெப்பம் ஒளிந்திருக்கிறது என்பதைத் தம் கையாலேயே அளந்து பார்த்த ஒரு மனிதர் உண்டு. நீராவி யந்திரத்தைத் திருத்தி அமைத்தவர் என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த ஜேம்ஸ் வாட்தான் அவர். அவர் வாழ்க்கை ஒரு பழுது பார்க்கும் வேலையில் திரும்பிய வாழ்க்கை.

நோயாளிப் பிள்ளை

ஸ்காட்லாந்தில் கிரீனக் என்ற துறைமுகப் பட்டினத்தில் 1736 ஜனவரி 19-ந் தேதி வாட் பிறந்தார். தந்தை கப்பல்களுக்கு வேண்டிய சாமான்களைச் செய்தும் விற்றும் வந்தவர். அந்தத் துறைமுகத்தின் வியாபாரம், கடல் கடந்த தீவுகளில் அடிமைகள் உழைத்து விளைவித்த சரக்குகளோடு பின்னிக் கிடந்தது. வாட் குடும்பத்தின் வருவாயும் அதற்கு விலக்கல்ல.

சிறுவன் ஜேம்ஸ் அடிக்கடி தலைவலியால் படுத்துவிடுவான். ஆகவே தொடக்கத்தில் தாயாரே வீட்டில் வைத்துப் பாடம் சொன்னார். பள்ளிக்குப் போன பிறகு கணக்கில் புத்தி கூர்மையாக ஓடியது. தந்தையின் பட்டறையில் அவனுக்கென்றே சிறிய கருவிகள் இருந்தன. அவற்றைக் கொண்டு சின்னஞ்சிறு மாதிரிகளைச் செய்து மகிழ்வான்.

கெட்டிலின் மூடி நீராவியால் துள்ளுவதைக் கண்டு சிறு வயதிலேயே நீராவி யந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டான் என்று ஒரு கதை உண்டு. அது கதைதான். அவர் பிறப்பதற்கு 24 ஆண்டுகள் முன்பே, 1712-ல், தாமஸ் நியூகமன் என்பவர் சுரங்கத்து நீரை இறைக்க நீராவி யந்திரம் அமைத்துவிட்டார். வாட்டின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது.

இருபது கினி

இளமையிலேயே தாயை இழந்தார் வாட். தந்தையின் வியாபாரமும் நொடித்தது. கைத்தொழில் ஒன்றைக் கற்றே தீர வேண்டும். நுட்பமான அளவுக் கருவிகள் செய்யும் தொழிலைத் தேர்ந்து, 1755-ல் லண்டனுக்குப் புறப்பட்டார்.

லண்டனில் அந்தத் தொழிலைக் கற்க 7 ஆண்டுகள் பயிற்சியாளாக இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. வாட்டுக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வசதி இல்லை. கடைசியில் ஜான் மார்கன் என்ற கைவினைஞர் 20 கினி கட்டணம் பெற்றுக்கொண்டு ஓராண்டுக்கு அவரைச் சேர்த்துக்கொண்டார். இரவு பகலாக உழைத்து, 7 ஆண்டுப் பாடத்தை ஓராண்டில் கற்றார் வாட். உடல் நலிந்து ஊர் திரும்பினார்.

கிளாஸ்கோவில் கடை வைக்க முயன்றபோது அங்கிருந்த தொழிலாளர் சங்கமும் தடுத்தது. பயிற்சிக் காலத்தை அவர் முறைப்படி முடிக்கவில்லையாம்! அப்போது கை கொடுத்தது கிளாஸ்கோ பல்கலைக்கழகம். ஜமெய்க்காவிலிருந்து வந்த வானியல் கருவிகளைப் பழுது பார்க்க அவரை அழைத்தது. 1757-ல் பல்கலைக்கழக வளாகத்திலேயே அவருக்கு ஒரு பட்டறை கிடைத்தது. ஜோசப் பிளாக் போன்ற பேராசிரியர்கள் அந்தப் பட்டறைக்கு வந்து பேசிப் பழகினார்கள்.

ஏன் நிற்கிறது?

1763-ன் பனிக்காலம். பல்கலைக்கழகத்தில் இருந்த நியூகமன் யந்திரத்தின் சிறு மாதிரி ஒன்று வாட்டின் கைக்கு வந்தது. லண்டனுக்கு அனுப்பியும் சரியாகாத மாதிரி அது. வாட் சரிசெய்தார். யந்திரம் ஓடியது, ஆனால் சில தடவை ஏறி இறங்கியதும் நின்றுவிட்டது. பாய்லரில் நீராவி தீர்ந்துபோயிற்று!

வேறொருவராக இருந்தால், ஓடுகிறதே என்று கூலியை வாங்கிக்கொண்டு போயிருப்பார். வாட் போகவில்லை. இத்தனை நீராவியும் எங்கே போகிறது என்று கேட்டார். அவருடைய வாழ்க்கையைத் திருப்பிய கேள்வி அதுதான்.

நியூகமன் யந்திரத்தில் நீராவி உருளைக்குள் நுழையும். உடனே உள்ளே குளிர்ந்த நீரைப் பீச்சுவார்கள். நீராவி தண்ணீராகிச் சுருங்கும். உள்ளே வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்று உந்துதண்டைக் கீழே அழுத்தும். அடுத்த முறை நீராவி வரும்போது, குளிர்ந்து போன உருளையை மறுபடி சூடாக்குவதிலேயே பெரும் பகுதி வீணாகிவிடும். சூடு, குளிர், சூடு, குளிர். கரியெல்லாம் இப்படியே காற்றில் போனது.

ஆறு மடங்கு அதிசயம்

வீணாவது எவ்வளவு என்று அளக்க முற்பட்டார் வாட். கெட்டிலிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாய் வழியாக நீராவியைக் குளிர்ந்த நீருக்குள் செலுத்தினார். தண்ணீர் கொதிநிலையை எட்டியதும் அதன் அளவைப் பார்த்தார். ஆறில் ஒரு பங்குதான் கூடியிருந்தது. ஆக, ஒரு பங்கு நீராவி ஆறு பங்கு குளிர்ந்த நீரைக் கொதிக்க வைத்துவிட்டது!

திகைத்துப் போன வாட், பேராசிரியர் பிளாக்கிடம் ஓடினார். அதற்கான விளக்கத்தைப் பிளாக் ஏற்கெனவே கண்டறிந்து மாணவர்களுக்குப் போதித்து வந்தார். தண்ணீர் ஆவியாகும்போது வெப்பமானிக்குத் தெரியாமல் பெருமளவு வெப்பத்தை விழுங்கிக்கொள்கிறது. ஆவி மறுபடி தண்ணீராகும்போது அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இதுவே உள்ளுறை வெப்பம்.

ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு இந்தக் கணக்கைக் கொண்டு வந்து பார்ப்போம். 1 கிலோ நீராவி, தண்ணீராக மாறும்போது சுமார் 540 கிலோகலோரி வெப்பத்தை விடுகிறது. 30 டிகிரியில் உள்ள 18 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்கு ஏற்ற அது போதும். சுருள் குழாய்த் தொட்டியின் ரகசியம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. நீராவி சுருளுக்குள் தண்ணீராக மாற வேண்டும். மாறினால்தான் வெப்பம் வெளிவரும்.

ஞாயிற்றுக்கிழமை உதயம்

1765 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிளாஸ்கோ நகரப் பசும்புல் திடலில் உலாவிக்கொண்டிருந்தார் வாட். சட்டென்று விடை தோன்றியது. நீராவியை உருளைக்குள் குளிர்விப்பானேன்? பக்கத்தில் தனியாக ஒரு கலம் வைத்து, அதற்குள் இழுத்துக் குளிர்வித்தால் என்ன? உருளை எப்போதும் சூடாகவே இருக்கும். கலம் எப்போதும் குளிர்ந்தே இருக்கும்.

அந்தத் தனிக் கலத்தில் ஒரு சிக்கல் இருந்தது. நீராவி மாறிய தண்ணீரும், கூடவே வந்த காற்றும் கலத்தை அடைத்துக்கொள்ளும். அவற்றை வெளியேற்ற ஒரு பம்பை இணைத்தார். உருளைக்கு மேலே ஓர் உறை போட்டு, அதன் சூடும் வெளியே போகாமல் காத்தார்.

இன்று சுருள் தொட்டியைப் பொருத்தும் தொழிலாளியும் ஏறத்தாழ இதே காரியங்களைத்தான் செய்கிறார். நீராவி சுருளின் மேற்புறத்தில் நுழைய வேண்டும். மாறிய தண்ணீர் தாழ்வாக ஓடி அடியில் வெளியேற வேண்டும். அங்கே ஸ்டீம் டிராப் என்ற பொறியை வைக்கிறார். அது தண்ணீரை விட்டு, நீராவியை மட்டும் நிறுத்திக்கொள்ளும். காற்று வெளியேற ஒரு வழி வைக்கிறார். தொட்டிக்கு வெப்பம் காக்கும் உறை போடுகிறார். குளிர்ந்த நீரை அடியில் விட்டு, வெந்நீரை உச்சியில் எடுக்கிறார்.

டிராப் அடைத்துக்கொண்டால் சுருளில் தண்ணீர் தேங்கி, தொட்டி சூடேறாது. திறந்தபடியே நின்றுவிட்டால் நீராவி வீணாக ஓடும். கரியோ எரிவாயுவோ கரையும். வாட் கேட்ட அதே கேள்வியைத்தான் அப்போது பழுது பார்ப்பவர் கேட்க வேண்டும்: நீராவி எங்கே போகிறது?

பத்தாண்டுத் துயரம்

எண்ணம் ஒரு நாளில் தோன்றிவிட்டது. யந்திரம் வர 11 ஆண்டுகள் ஆயின!

உருளையைத் துல்லியமாகக் கடைய ஆளில்லை. உந்துதண்டின் ஓரமாக நீராவி கசிந்தது. கையில் இருந்த பணம் கரைந்தது. ஜான் ரோபக் என்ற தொழிலதிபர் வாட்டின் கடன்களை ஏற்று, உரிமையில் மூன்றில் இரண்டு பங்கைப் பெற்றார். 1769 ஜனவரியில் காப்புரிமை கிடைத்தது. ஆனால் குடும்பம் நடக்க வேண்டுமே! வாட் கால்வாய்களுக்கு நில அளவை செய்யும் வேலைக்குப் போனார். மழையிலும் சேற்றிலும் ஆண்டுகள் கழிந்தன.

1773-ல் இரண்டு இடிகள் விழுந்தன. ரோபக் திவாலானார். ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதியில் கால்வாய் அளவையில் வாட் இருந்தபோது, மனைவி மார்கரெட் பிரசவத்தில் இறந்தார். தாயில்லாப் பிள்ளைகளோடு நின்றார் வாட்.

போல்டன் வந்தார்

பர்மிங்காம் நகருக்கு அருகே சோஹோவில் பெரிய பட்டறை நடத்தியவர் மாத்யூ போல்டன். ரோபக்கின் பங்கை அவர் வாங்கிக்கொண்டார். 1774-ல் வாட் பர்மிங்காமில் குடியேறினார். மறு ஆண்டு பாராளுமன்றம் காப்புரிமையை 1800 வரை நீட்டித்தது.

ஜான் வில்கின்சன் என்பவர் பீரங்கிக் குழாய்களைத் துல்லியமாகக் கடையும் முறையைக் கண்டிருந்தார். அந்த முறை வாட்டின் உருளைக்கும் கை கொடுத்தது. 1776-ல் யந்திரங்கள் ஓடின. அதே ஆண்டு ஆன் மெக்ரெகர் என்ற பெண்மணியை வாட் மணந்துகொண்டார்.

அவர்களுடைய வியாபார முறை விசித்திரமானது. பழைய யந்திரத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு கரி மிச்சமாகிறதோ அதில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கேட்டார்கள். மிச்சப்படுத்திய வெப்பமே அவர்களுக்கு வருவாய்!

பின்னர் யந்திரத்தைச் சக்கரம் சுழற்றச் செய்தார்கள். குதிரையின் வேலையோடு ஒப்பிட, நிமிஷத்துக்கு 33,000 பவுண்டு எடையை ஓர் அடி தூக்குவதே ஒரு குதிரைத் திறன் என்று வாட் வகுத்தார். 1788-ல் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தினார். வேகம் கூடினால் சுழலும் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும்; வேகம் தணிந்தால் தாழ்ந்து நீராவியைக் கூட்டும். இன்று வெந்நீர்த் தொட்டியில் சூடு கூடினால் தானே மூடி, குறைந்தால் தானே திறக்கும் வால்வும் இதே கருத்தில்தான் இயங்குகிறது.

நீராவியால் சூடான அறை

யந்திரம் ஓட்டுவதற்கு மட்டுமா நீராவி? 1784-ன் குளிர்காலத்தில், தாம் எழுதும் அறையையே நீராவியால் சூடாக்கிப் பார்த்தார் வாட். தகரத்தாலான தட்டையான பெட்டிக்குள் நீராவியை விட்டார். கணக்குப் போட்ட அளவுக்கு அறை சூடேறவில்லை. பளபளப்பான தகரம் வெப்பத்தை எளிதில் வெளிவிடாது.

ஆனால் வழி திறந்துவிட்டது. சுமார் 1800-ல் போல்டன்-வாட் நிறுவனம், சால்ஃபோர்டு நகரில் ஒரு பஞ்சாலையின் உள்ளீடற்ற இரும்புத் தூண்கள் வழியாகவே நீராவியை ஓட்டிக் கட்டடத்தைச் சூடாக்க வகை செய்தது. பாய்லர் ஓரிடத்தில், வெப்பம் வேண்டிய இடம் வேறோரிடத்தில் என்ற ஏற்பாடு இப்படி வளர்ந்தது.

அச்சமும் அதன் நியாயமும்

வாட் குற்றமற்றவர் அல்லர். காப்புரிமையை இரும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டார். ஹார்ன்புளோயர் போன்றவர்கள் புதிய யந்திரங்களைச் செய்தபோது வழக்குப் போட்டுத் தடுத்தார். அதனால் முன்னேற்றம் சில ஆண்டுகள் தேங்கியது என்று சொல்பவர்கள் உண்டு.

உயர்ந்த அழுத்தத்தில் நீராவியைப் பயன்படுத்துவதையும் அவர் எதிர்த்தார். இதில் போட்டியும் இருந்தது, பயமும் இருந்தது. பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ரிச்சர்டு டிரெவிதிக் அமைத்த உயர் அழுத்தப் பாய்லர் ஒன்று 1803-ல் கிரீனிச்சில் வெடித்து 4 பேர் மாண்டார்கள். அதன் பின் டிரெவிதிக், பாய்லர்களுக்கு இரண்டு காப்பு வால்வுகளும், சூடு மிஞ்சினால் உருகி எச்சரிக்கும் ஈய ஆணியும் வைத்தார். உயர் அழுத்தமே பின்னாளில் வென்றது. ஆனால் காப்பு வால்வோடுதான் வென்றது.

நம் நாட்டிலும் அந்தப் பாடம் உயிர் கொடுத்துத்தான் கற்கப்பட்டது. 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் இறந்தார்கள். மறு ஆண்டே வங்காளத்தில் பாய்லர் சோதனைச் சட்டம் வந்தது. பிறகு 1923-ல் நாடு முழுமைக்கும் ஒரு சட்டம். அதன் இடத்தில் 2025-ல் புதிய சட்டம்.

வெந்நீர்த் தொட்டிக்கும் காப்பு வால்வு உண்டு. சூடேறும் தண்ணீர் விரியும். போக இடமில்லாவிட்டால் தொட்டியைப் பிளக்கும். வால்விலிருந்து சொட்டுகிறதே என்று அதை அடைத்துவிடுபவர், வரப்போகும் ஆபத்துக்குக் கதவைத் திறந்து வைக்கிறார். ஏன் சொட்டுகிறது என்று பார்ப்பதே முறை.

ஆழ்துளைக் கிணற்றின் கடினநீர் சுருளின் மேல் உப்பை வெள்ளைக் காரையாகப் படியவிடும். காரை தடித்தால் வெப்பம் வெளிவராது. ஆகவே தொட்டியின் அடியிலிருந்து அவ்வப்போது கசடை வெளியேற்ற வேண்டும். சுருளையும் குறித்த காலத்தில் சுத்தம் செய்ய வேண்டும்.

சுருளில் ஓட்டை விழுந்தால் இன்னும் மோசம். நீராவி ஓடும்போது அது குளிக்கும் நீரில் கலக்கும். நீராவியை மூடியதும் உள்ளே வெற்றிடம் உண்டாகித் தொட்டி நீரை உறிஞ்சும். அந்த உப்பு நீர் பாய்லருக்கே போய்ச் சேரும். நியூகமன் யந்திரத்தை இயக்கிய அதே வெற்றிடம்தான்! திரும்பி வரும் நீரில் உப்பு ஏறியிருக்கிறதா என்று சோதித்து வந்தால் இதை முன்னதாகவே கண்டுகொள்ளலாம்.

மாடியறையில் முதுமை

1800-ல் காப்புரிமை முடிந்தது. 400-க்கு மேற்பட்ட யந்திரங்கள் அதற்குள் எழுந்திருந்தன. தொழிலைப் பிள்ளைகளிடம் விட்டு வாட் ஓய்வு பெற்றார். செல்வமும் புகழும் வந்தன, துயரமும் விடவில்லை. இரண்டாம் மனைவியின் மகள் ஜெஸ்ஸி 1794-ல் இளமையிலேயே இறந்தாள். மகன் கிரிகரி 1804-ல் மறைந்தான். நண்பர் போல்டன் 1809-ல் காலமானார்.

ஹீத்ஃபீல்டு இல்லத்தின் மாடியறையில் பட்டறை அமைத்துக்கொண்டு, சிலைகளைப் பிரதி எடுக்கும் யந்திரம் ஒன்றைச் செய்வதில் முதுமையைக் கழித்தார். கை ஓயவில்லை. 1819 ஆகஸ்டு 25-ந் தேதி, 83-ம் வயதில் அவர் உயிர் பிரிந்தது. ஹான்ஸ்வொர்த் தேவாலயத்தில் போல்டனுக்கு அருகிலேயே அடக்கம் செய்தார்கள். அந்த மாடியறையின் பொருள்கள் 1924-ல் லண்டன் விஞ்ஞானப் பொருட்காட்சிசாலைக்கு வந்து சேர்ந்தன. அவர் பழுது பார்த்த நியூகமன் மாதிரியைக் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் பாதுகாத்து வருகிறது.

அவர் பெயரைத் திறனுக்கு அளவாக வைக்கலாம் என்று 1882-ல் விஞ்ஞானி சீமன்ஸ் முன்மொழிந்தார். ஒரு குதிரைத் திறன் 746 வாட். குளியலறையில் வெந்நீர் ஹீட்டரின் முகத்தில் 2000 வாட் என்று எழுதியிருக்கிறதே, அது அவர் பெயர்தான். தொழிற்சாலையின் பெரிய தொட்டியிலும் அதே பெயர்தான் கிலோவாட்டாக நிற்கிறது.

பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள் பலர் இருந்தார்கள். அந்த மாதிரி யந்திரத்தை அவர்களும் பார்த்திருந்தார்கள். ஆனால் அதன் குறையைக் கண்டவர், அதைக் கழற்றிப் பூட்டிய தொழிலாளி. ஓடுகிறது என்பதோடு திருப்தி அடையாமல், வீணாவது ஏன் என்று கேட்கும் கைகள் எந்தப் பட்டறையிலும் இருக்கலாம். ஒரகடத்தில் இன்றிரவு ஷிப்டில் பாய்லர் அருகே நின்று அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருப்பவரும் அந்த மரபில் வந்தவரே.